ஆண்கடலிலும் பெண்கடலிலும் தொலைந்த நகை: மெட்டல் டிடெக்டரோடு தேடப் போகிறவர்களுக்கு

நகை இப்போதுதான் தொலைந்தது, கடற்கரையில் நின்றுகொண்டேதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மற்றதெல்லாம் பிறகு. நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள். கூட வந்தவர்களையும் ஓடித் தேட விடாதீர்கள். பத்துப் பேர் மிதித்தால் மேலாகக் கிடந்த மோதிரம் அரைச் சாண் உள்ளே போய்விடும். செருப்பு, குச்சி, தண்ணீர் பாட்டில், எது கையில் இருக்கிறதோ அதை அந்த இடத்தில் ஊன்றிவிடுங்கள். தண்ணீருக்குள் நிற்பவர் கரையைப் பார்த்துத் திரும்பி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒரே கோட்டில் தெரிகிற இரண்டு பொருளை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு விளக்குக் கம்பம், அதற்கு நேர் பின்னால் ஒரு பனை என்பது போல. பிறகு தலையை வலமோ இடமோ திருப்பி இன்னொரு ஜோடி. இந்த இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். நம் பக்கத்து மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பார் என்கிற பாறைத் திட்டை மறுநாளும் போய்ப் பிடிப்பது இந்தக் கணக்கில்தான். கைபேசி வரைபடத்தில் குத்தி வைக்கும் புள்ளி ஐந்து பத்து மீட்டர் தள்ளிப்போகலாம். ஊரைக் கண்டுபிடிக்க அது போதும், மோதிரத்துக்குப் போதாது.

நான் உச்சிப்புளிப் பக்கத்துக்காரன். மண்டபம், இராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை என்று சொல்லியனுப்புகிறவர்களுக்காகக் கருவியோடு போய்த் தேடிக் கொடுத்து வருகிறேன். கிடைத்ததும் உண்டு, மூன்று நாள் நடந்தும் கிடைக்காததும் உண்டு. புதிதாகக் கருவி வாங்கிய தம்பிமார் பலர் வந்து கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது எந்தக் கருவி, எத்தனை அடி ஆழம் போகும் என்றுதான். எங்கே தேடுவது என்று முடிவு செய்கிற வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தேடலில் முக்கால்வாசி அதுதான்.

முதலில் ஆளிடம் கேளுங்கள்

"எப்போ தொலைஞ்சது?" என்று கேட்காதீர்கள். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தது இரண்டு நேரம்தான்: கடைசியாகக் கையில் இருந்தது எப்போது, இல்லை என்று பார்த்தது எப்போது. "கடைசியா எப்பம்மா விரல்ல பாத்தீங்க? அப்ப எங்க நின்னீங்க? அதுக்கப்புறம் என்னென்ன செஞ்சீங்க?" என்று பொறுமையாக வரிசைப்படுத்துங்கள். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் அவர் நடந்த இடம், உட்கார்ந்த இடம், துணி மாற்றிய இடம், கை கழுவிய இடம், இவ்வளவும்தான் உங்கள் தேடும் பரப்பு. பதற்றத்தில் இருப்பவர் கடலைத்தான் காட்டுவார். அவர் மனதில் அலை அடித்துப் போனதாகப் பதிந்திருக்கும்.

இதற்குக் கைபேசிப் படங்களைப் போல உதவி வேறில்லை. குடும்பத்தில் ஐந்து பேர் படம் எடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் நேர வரிசையில் போட்டு, விரலையும் கழுத்தையும் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அரியமான் கடற்கரையில் ஒரு மதுரைக் குடும்பம், கணவரின் கல்யாண மோதிரம், கடலுக்குள் பந்து விளையாடும்போது போனது என்று அடித்துச் சொன்னார்கள். படங்களைப் பார்த்தோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே எடுத்த படத்திலேயே விரல் வெறுமையாக இருந்தது. அதற்கு அரை மணி முந்தைய படத்தில் மோதிரம் இருந்தது. நடுவில் நடந்தது சவுக்கு நிழலில் புளியோதரை சாப்பிட்டுக் கை கழுவியது. எண்ணெய்க் கை, வழுக்கி விழுந்திருக்கிறது. கருவியை இயக்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, சவுக்குச் சருகுக்குக் கீழே கிடைத்தது. அந்தப் படம் இல்லையென்றால் அன்று முழுக்கக் கடலையே கலக்கியிருப்போம்.

மணலைத் தொடும் முன் துணியை உதறுங்கள். ஈரச் சேலை மடிப்பு, ரவிக்கையின் உட்புறம், துண்டு, தலைமுடி, வண்டி இருக்கையின் இடுக்கு, எல்லாம். தாலிக்கொடியும் சங்கிலியும் அறுந்தால் நேரே கீழே விழுவதில்லை, துணியில் தொற்றிக்கொண்டு சிறிது தூரம் வரும். அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. கழற்றி விட்ட துணியோடு தோடும் சங்கிலியும் சேர்ந்து போவதுண்டு. கரையில் ஒதுங்கும் துணிக் குவியலையும் பாருங்கள், அதை அள்ளுகிற துப்புரவுப் பணியாளர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மணலைச் சலித்துக் காசு எடுக்கிறவர்களை அங்கே பார்த்தால் அவர்களிடமும் கேளுங்கள். எந்த இடத்தில் கனமான பொருள் சேரும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

என்ன நகை என்று சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கிராம், கல் வைத்ததா, திருகாணி மூடியிருந்ததா, கொடி தங்கமா மஞ்சள் கயிறா. கருவி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கேட்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் கடல்?

இராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் அலை அடங்கிக் கிடப்பது பெண்கடல். மன்னார் வளைகுடாப் பக்கம் அலை எழும்பி அடிப்பது ஆண்கடல். அக்னி தீர்த்தம், அரியமான், தேவிபட்டினம் எல்லாம் அடங்கிய பக்கம். சேதுக்கரை, கீழக்கரை, வாலிநோக்கம், மாரியூர் எல்லாம் மன்னார் வளைகுடா. மண்டபத்தில் இரண்டு கடலும் சிறிது நடை தூரம்தான். தொலைந்த நகைக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது.

தங்கத்தின் கனத்தை நினைத்துப் பாருங்கள். 22 காரட் நகை அதே அளவு தண்ணீரைப் போல 17 மடங்குக்கும் மேல் கனம். மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். ஆகவே அலை மணலைக் கிளப்பும்போதெல்லாம் மணல் மிதக்கும், தங்கம் இறங்கும். களிமண்ணோ, சிப்பித் தட்டோ, பவளக்கல் பாறையோ, ஏதாவது ஒரு கெட்டித் தளம் தட்டும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். பெண்கடலில் இது மெதுவாக நடக்கும். அங்கே இடுப்பளவு நீரில் விழுந்த மோதிரம் மறுநாளும் ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே, கையளவு ஆழத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். கடல்புல் வளர்ந்த இடமென்றால் வேரில் தங்கி நிற்கும். ஆண்கடலில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, கரையில் உடைகிற அலை ஒரே இரவில் முழ ஆழத்துக்கு மணலைப் புரட்டிவிடும். அங்கே முதல் நாள் முக்கியம். வாடைக் காலத்தில், ஐப்பசியிலிருந்து தை வரை, இது தலைகீழாகிவிடும்: பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கும்.

இதை நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் நீராடும்போது போனது என்றால் கச்சான் நடுவில் போயிருக்கிறது, உடனே ஓட வேண்டும். தை அமாவாசைக்கு அதே சேதுக்கரையில் போனது என்றால் கடல் அமைதி, உங்களுக்கு நாலு நாள் அவகாசம் உண்டு.

அமாவாசையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள் கடல் அதிகம் ஏறி அதிகம் வத்தும். அட்டமி வாக்கில் ஏற்ற இறக்கம் குறைவு. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் பெண்கடல் பக்கம் சாய்வில்லாத கரை என்பதால், முழங்காலளவு நீர் வத்தினாலே நிறைய மணல் வெளியே வரும். குளிக்கும்போது முழங்காலளவு நீர் இருந்த இடத்தில் நீங்கள் கால் நனையாமல் நின்று தேடலாம். வத்து நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தும். கைபேசியில் ஓத அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள், கரையில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். வத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், இறங்குகிற நீரோடு சேர்ந்து கீழே போவது என் வழக்கம்.

சொல்லிவிட்டுப் போங்கள்

நம் கரையில் கருவியோடு நடப்பது மற்ற ஊர் மாதிரி இல்லை. இலங்கை பக்கம். 2023-இல் மண்டபம் அருகே கடத்தல் படகிலிருந்து கடலில் வீசிய தங்கத்தை முக்குளிப்பவர்களை வைத்து எடுத்தார்கள். அதனால் மணலில் காயிலை (கருவியின் கம்பு நுனியில் இருக்கும் வட்டத் தட்டை) ஆட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் யாரும் ஒரு முறை உற்றுப் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். தேடுவதற்கு முன் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கோ மரைன் போலீசுக்கோ போய், இன்னார் நகை, இந்த இடத்தில், இந்தத் தேதியில் தொலைந்தது, தேடப் போகிறோம் என்று தொலைத்தவரின் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். தொலைத்தவரே கூட நிற்பது இன்னும் நல்லது. இருட்டிய பிறகு விளக்கோடு கடற்கரையில் தேடவே தேடாதீர்கள். அவசரத்துக்கு 112, கடலோரக் காவலுக்கு 1093.

சில இடங்களில் கருவியை இயக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே கால் வைக்கவே அனுமதி வேண்டும். அழகன்குளம் தொல்லியல் துறை அகழாய்வு செய்த பழைய துறைமுக ஊர், ரோமானியக் காசு கிடைத்த மண். அங்கே நீங்கள் தோண்டும் ஒரு குழி யாராலும் திருப்பி வைக்க முடியாத ஒன்றைக் கலைத்துவிடும். தனுஷ்கோடி இடிபாடுகளுக்குள்ளும் வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் போன உயிர்களின் வீட்டு வாசல் அது. தங்கள் வீட்டார் அங்கே இறந்ததைச் சொல்லிக் கண் கலங்குகிறவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மண்ணுக்குள் மறைந்திருந்து, உரியவர் தெரியாத, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் சிலையும் தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். இன்னொருவர் தொலைத்த நகை என்று தெரிந்தும், உரியவரைத் தேடாமல் வைத்துக்கொண்டால் அது குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் வீட்டுக்குக் கழிவுத்தொட்டி தோண்டியபோது பழைய துப்பாக்கிக் குண்டுகளும் வெடிபொருளும் வந்தன. மணலில் துருப்பிடித்த உருளையோ, குண்டு வரிசையோ, மெழுகுத்துணி சுற்றிய பொட்டலமோ தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, போலீசுக்குச் சொல்லுங்கள். அதை அசைத்துப் பார்ப்பது உங்கள் வேலையில்லை.

கருவி

கோவில் வாசலில் காவலர் உடம்பில் தடவிப் பார்க்கும் குட்டைத் தடி இதற்கு ஆகாது. அது சில விரற்கடைக்கு மேல் கேட்காது. கடற்கரைக்கு வேண்டியது கம்பும் வட்டமான காயிலும் உள்ளது. காயில் ஒரு மின்காந்த அலையை மணலுக்குள் அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிரலை திரும்பி வரும். அதைத்தான் சத்தமாகக் கேட்கிறோம்.

உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும் என்பதுதான் நம் தொல்லை. ஒற்றை அலைவரிசையில் ஓடும் சாதாரணக் கருவி காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும், ஈர மணலுக்குப் போனதும் ஓயாமல் கத்தும். இதற்கு இரண்டு வழி. ஒரே நேரத்தில் பல அலைவரிசை அனுப்பும் கருவி: மைன்லேப் வான்குவிஷ், ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜெண்ட் போன்றவை. புதியவருக்கு இதைத்தான் சொல்வேன். இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. மின்சாரத்தைத் துடிப்பாக அனுப்பி நிறுத்தி, அடங்குகிற எதிரொலியைக் கேட்கும். உப்பு சீக்கிரம் அடங்கிவிடும், தங்கம் கொஞ்சம் தாமதமாக அடங்கும். ஆழம் நன்றாகப் போகும், ஆனால் இரும்பு எது தங்கம் எது என்று சொல்லாது. ஆணி நிறைந்த மீன்பிடிக் கரையில் முதுகு ஒடிந்துவிடும்.

வாங்கும்போது காயில் மட்டும் நனையலாமா, திரையும் பெட்டியும் சேர்ந்து நனையலாமா என்று கேளுங்கள். ஹெட்போன் கண்டிப்பாக வேண்டும். காற்றில் மெல்லிய சத்தம் காதுக்கு வராது. கைக்குள் அடங்கும் சின்னத் தேடுகருவியான பின்பாயிண்டர் ஒன்று இருந்தால் குழிக்குள் துழாவும் நேரம் பாதியாகும். ஒரே ஒரு நகைக்காகக் கருவி வாங்காதீர்கள். வைத்திருப்பவரை அழைத்து வருவது மலிவு.

அள்ளுவதற்குத் துளை போட்ட எவர்சில்வர் அகப்பை, நீளக் கைப்பிடியோடு, ஊர்ப் பட்டறையிலேயே செய்து தருவார்கள். துளை சுண்டுவிரல் நுழையாத அளவு இருக்கட்டும். தோடு, மூக்குத்தி தேடினால் அந்தத் துளையிலும் நழுவிவிடும். அதற்கு வீட்டு மாவுச் சல்லடையோ பிளாஸ்டிக் அரிகூடையோ எடுத்துப் போங்கள்.

வீட்டு முற்றத்தில் ஒரு நாள்

கடலுக்குப் போகும் முன் காதைப் பழக்குங்கள். தொலைந்ததைப் போன்ற நகையை வாங்கி, தூண்டில் நரம்பில் இறுகக் கட்டி, மறுமுனையை ஒரு குச்சியில் கட்டி மணலில் புதையுங்கள். நரம்பு இல்லாமல் புதைத்துவிட்டு அதையும் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் மூன்று விரல் ஆழம், பிறகு கையளவு, பிறகு ஒரு சாண். ஒவ்வொரு ஆழத்திலும் சத்தத்தையும் திரையில் வரும் எண்ணையும் எழுதுங்கள். பிறகு பக்கத்திலேயே சோடா மூடி, மாத்திரை அட்டை, ஆணி, வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு, ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று புதைத்து ஒப்பிடுங்கள்.

அப்போது ஒன்று தெரியும். தங்க மோதிரம், மாத்திரை அட்டை, ஈயக்குண்டு மூன்றும் எண்ணில் அடுத்தடுத்து வரும், சில நேரம் ஒன்றாகவே வரும். "குப்பையை மறை" என்ற வசதியைப் போட்டு அலுமினியத் தாளை மறைத்தீர்களானால் தங்கத்தையும் மறைத்துவிட்டீர்கள். இரும்பை மட்டும் மறையுங்கள். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் இரும்பு கலந்த எஃகு என்பதால் அவையும் இரும்போடு மறைந்துவிடும். யாத்ரீகர்கள் காசு போடுகிற கரையில் அது நமக்கு நல்லதுதான்.

மோதிரத்தின் சத்தம் உருண்டையாக இருக்கும். இடமிருந்து வலம் போனாலும் வலமிருந்து இடம் வந்தாலும் அதே சத்தம், எண் குதிக்காது. சோடா மூடி ஏமாற்றும். சந்தேகமென்றால் காயிலை அதன் மேலிருந்து மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். ஓரம் தாண்டும்போது சத்தம் கரகரத்து இரும்பாக மாறினால் மூடி. நீள ஆணி ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை ஒலிக்கும்.

சங்கிலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பவுன் சங்கிலி நாலு கிராம் மோதிரத்தைவிட நன்றாகக் கேட்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மோதிரம் ஒரே முழு வளையம், மின்னோட்டம் அதில் தாராளமாகச் சுற்றும். சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் தனித்தனி, கருவிக்கு அது சின்னச் சின்ன துளிகள்தான். கொக்கியோ, தாலிப் பொட்டோ, டாலரோ இருந்தால் அதைத்தான் கேட்கும். மெல்லிய சங்கிலியின் சத்தமும் உப்பின் சத்தமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், உப்பை அடக்கும்போது கருவி சங்கிலியையும் விட்டுவிடக்கூடும். ஆகவே சங்கிலி என்றால் கடல் நன்றாக வத்தி மணல் காய்ந்த நேரத்தில், காயிலை மணலை உரசுமளவு தாழ்த்தி, இன்னும் மெதுவாகப் போங்கள். கண்ணாலும் சல்லடையாலும் சேர்த்துத் தேடுங்கள். மஞ்சள் கயிற்றில் கோர்த்த தாலி இதைவிட எளிது, பொட்டு நன்றாக ஒலிக்கும். வெள்ளிக் கொலுசும் மெட்டியும் உரத்துக் கேட்கும். தோட்டின் திருகாணி இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போனால் எனக்குக் கிடைத்ததே இல்லை.

தேடும் விதம்

விசாரித்த இடத்தை நடுவில் வைத்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம். நான்கு மூலையிலும் குச்சி, சுற்றிக் கயிறு. அதற்குள் மீட்டர் இடைவெளியில் காலால் கோடு கிழியுங்கள்.

கருவியை இயக்கி, உலோகம் இல்லாத இடத்தில் காயிலை மேலும் கீழும் ஆட்டி, மண்ணுக்குப் பழக்குங்கள். பிறகு உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வந்து, கருவி அமைதியாகும் இடத்தில் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் ஆழம் கிடைக்கும் என்பது புதியவர்களின் எண்ணம். கத்திக்கொண்டே இருக்கிற கருவியில் மோதிரத்தின் சத்தம் எங்கே கேட்கும்? கறுத்த மணல் கோடு படர்ந்த இடத்தில் மறுபடி ஒரு முறை பழக்குங்கள். அந்தக் கறுப்பு மணல் கனமானது. அலை அதை ஒதுக்கிய இடத்திலேயே தங்கமும் ஒதுங்கலாம் என்பதால் கத்துகிறதே என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

காயில் மணலுக்கு இரண்டு விரல் மேலே, தரைக்குச் சமமாக. ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று விநாடி. வீச்சின் இரு முனையிலும் கை தானாக மேலே தூக்கும், தூக்க விடாதீர்கள். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியை மறைத்துப் போகட்டும். 11 அங்குலக் காயில் என்றால் ஒரு மீட்டர் முன்னேற ஏழு எட்டு வீச்சு ஆகும். ஒரு சதுரம் முடிந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு முறை. நிமிர்ந்து விழுந்த மோதிரம், செங்குத்தாக நின்ற வளையல் இவை ஒரு திசையில் மட்டும் கேட்கும். அந்தச் சதுரம் முடியாமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். "அங்கயும் பாருங்க, இங்கயும் பாருங்க" என்று குடும்பத்தார் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு உங்கள் கோட்டிலேயே போங்கள்.

சத்தம் வந்தால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி நடுப்புள்ளியைப் பிடித்து, அதற்கு ஒரு சாண் பின்னாலிருந்து அகப்பையை இறக்குங்கள். நேர் மேலே குத்தினால் நகை நசுங்கும், கல் உடையும். அள்ளியதை ஓரமாகக் கொட்டி, குழியை மறுபடி கேளுங்கள். குழி அமைதியென்றால் பொருள் கொட்டிய மணலில். கிடைத்த பிறகும் ஒரு தடவை குழியைக் கேளுங்கள், ஜோடித் தோட்டில் மற்றது அங்கேயே இருக்கலாம். எடுத்த ஆணி, மூடி, பிளேடு எதையும் திரும்பப் போடாதீர்கள், இடுப்பில் ஒரு பை கட்டிக்கொள்ளுங்கள். குழியை மூடுங்கள். வெறுங்காலோடு தர்ப்பணம் கொடுக்க வரும் வயதானவர்கள் விழுவார்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். மணலில் வண்டித் தடம் போன்ற ஆமைத் தடத்தைக் கண்டால் அந்த இடத்தில் அகப்பை படவே கூடாது. பவளத்தையும் கடல் அட்டையையும் கையில் எடுக்காதீர்கள், இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

தண்ணீருக்குள்

இடுப்புக்கு மேல் போகாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். ஒருவர் கருவி, ஒருவர் கரையில் கண் வைத்து நிற்க வேண்டும். அரிச்சல்முனையில் இறங்கவே வேண்டாம். இரண்டு கடலும் மோதுகிற இடம், காலுக்கடியில் மணல் இழுக்கும். நகை போனால் போகட்டும். மற்ற இடங்களிலும் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நகருங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். காலில் பாறையில் நடக்கிற கெட்டிச் செருப்பு அல்லது பழைய ஷூ. சொறி (ஜெல்லி மீன்) மிதக்கிற நாளில் இறங்காதீர்கள்.

தண்ணீருக்குள் கோடு கிழிக்க முடியாது. இரண்டு கழியை ஊன்றி நடுவில் கயிறு கட்டி, கயிற்றை ஒட்டியே போய்த் திரும்பி, கழியை ஓரடி நகர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு இரண்டு நாளில் பூட்டுகளைத் தின்றுவிடும்.

கிடைத்த பிறகு

தேடி வந்த நகையைத் தவிர வேறொன்று கிடைப்பதும் நடக்கும். யாராவது வந்து "அது எங்களுது" என்பார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இடம் கொண்ட அடையாளக் குறி பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் என்ன வகை நகை, என்ன தரம், ஹால்மார்க் செய்யக் கொடுத்த நகைக்கடை எது என்று காட்டும். உரிமை கேட்பவரிடம் குறியைச் சொல்லாமல் ரசீதைக் கொண்டு வரச் சொல்லுங்கள். பழைய நகையில் குறி இருக்காது. படம், உள்பக்கப் பொறிப்பு, கல் விழுந்த இடம் என்று சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்ததைக் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வாங்குவதானால் எவ்வளவு என்று தேடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், கிடைத்த பிறகு பேசாதீர்கள். தாலியென்றால் நான் பெட்ரோல் காசோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிடைக்காவிட்டால், தொலைத்தவர் பெயரையும் எண்ணையும், நகையின் அடையாளத்தையும், இரண்டு கோட்டின் படங்களையும், எந்தச் சதுரங்கள் முடிந்தன என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தங்கம் கரைவதில்லை, துருப்பிடிப்பதில்லை. கெட்டித் தளத்தில் போய் உட்கார்ந்து, மேலே மணல் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். காற்று மாறும் காலத்தில் அந்த மணலைக் கடலே அரித்து எடுக்கும். சேதுக்கரையில் ஒரு தை அமாவாசைக்குப் போன நெளிமோதிரம் அன்று கிடைக்கவில்லை. ஆனி மாதம் கச்சான் அடித்துக் கரை இடுப்பளவு வெட்டுப்பட்டிருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வெட்டின் அடியில் களிமண் தளம் தெரிந்தது, அதன் மேல் ஈயக்குண்டுகள் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. மோதிரம் அந்த வரிசையில்தான் இருந்தது, பழைய இடத்திலிருந்து பன்னிரண்டு எட்டு தள்ளி. ஆண்கடலில் போனதை ஆனி ஆடியிலும், பெண்கடலில் போனதை வாடை அடிக்கிற மார்கழியிலும் போய்ப் பாருங்கள். முதலில் ஈயக்குண்டு எங்கே கிடக்கிறது என்று தேடுங்கள்.